டோக்கியோவுக்குப் பறந்த 80 பேரும் அவர்களைக் காத்த சீனக் கிராமங்களும்: நூல் வெளியீட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னையை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிய மாதம் அது. அந்தத் தாக்குதலை முடித்து நாடு திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அணிக்கு 18ஆம் தேதி வழியிலேயே அவசர உத்தரவு போனது. டோக்கியோவிலேயே குண்டு விழுந்திருந்தது. அதற்குக் காரணமான அமெரிக்கக் கப்பல்களைத் துரத்த வேண்டும்.

அந்தத் தாக்குதலுக்குப் போன 80 அமெரிக்க வீரர்களைப் பற்றித் தமிழில் ஒரு நூல் கொண்டுவருகிறோம். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், நூலகர்கள் என்று பலர் சேர்ந்த குழு எங்களுடையது.

எங்கே போகிறோம் என்பதைக்கூடச் சொல்லாமல், ஆபத்தான வேலை, யார் வருகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். தாமாக முன்வந்தவர்களை வைத்து, 45 வயது அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜிம்மி டூலிட்டில் தலைமையில், ஃபுளோரிடாவின் எக்ளின் தளத்தில் பயிற்சி நடந்தது. பி-25 தரையிலிருந்து கிளம்பும் கனத்த குண்டுவீச்சு விமானம். அதை விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளப்ப வேண்டும். திரும்பி வந்து கப்பலில் இறங்கவே முடியாது, சீனாவுக்குத்தான் போயாக வேண்டும். எடையைக் குறைக்க அடிப்பக்கத் துப்பாக்கியைக் கழற்றி, அந்த இடத்தில் எரிபொருளை ஏற்றினார்கள். வாலில் துப்பாக்கி இருப்பதுபோல் காட்டக் கறுப்புச் சாயம் பூசிய துடைப்பக் கழிகளைச் செருகினார்கள்.

ஏப்ரல் 18 காலையில் ஜப்பானியக் காவல் படகு ஒன்று, அவர்களை ஏற்றிச் சென்ற ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்த்துவிட்டது. திட்டமிட்டதற்கு ஏறத்தாழ 10 மணி நேரம் முன்னதாக, 300 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் தூரத்திலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. சீனா வரை எரிபொருள் போதாது என்று தெரிந்தேதான் ஏறினார்கள். டூலிட்டிலுக்கு முன்னால் இருந்தது 467 அடித் தளம் மட்டுமே. நிஜக் கப்பலிலிருந்து அதற்குமுன் அவர்களில் ஒருவரும் பி-25ஐக் கிளப்பிப் பழகியதில்லை. ஆனாலும் 16 விமானங்களும் மேலெழும்பின.

குண்டுவீச்சு முடிந்தபின் ஒரு விமானம் சோவியத் மண்ணில் இறங்கியது. மற்ற 15ம் இருட்டிலும் மழையிலும் சீனக் கரையோரத்திலும் உட்பகுதியிலும் நொறுங்கின. மூன்று பேர் அன்றே இறந்தார்கள். ஜப்பானியரிடம் பிடிபட்ட எட்டுப் பேரில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஒருவர் சிறையில் மாண்டார். சீனாவில் பிடிபடாமல் தப்பியவர்களைக் காப்பாற்றியது சீன விவசாயிகளும் மீனவர்களும்தான். காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள், ஒளித்து வைத்தார்கள், சோறு போட்டார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொடியது. செஜியாங், ஜியாங்ஸி மாகாணங்களில் ஜப்பானியப் படை மாதக்கணக்கில் பழிதீர்த்தது. இரண்டரை லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வீரர்களின் பெயர் பொறித்த 80 வெள்ளிக் கோப்பைகள் ஓஹையோவின் டேட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிராமத்து மக்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அதனால் நூலில் சரிபாதி அவர்களுக்கு என்று குழுவில் முடிவு செய்தோம். அன்று டோக்கியோவில் இறந்த பொதுமக்களையும், அவர்களில் இருந்த பள்ளிச் சிறுவனையும் விட்டுவிடப் போவதில்லை.

டூலிட்டிலின் துணை விமானி ரிச்சர்ட் கோல், எண்பது பேரில் கடைசியாக மிஞ்சியவர், 2019இல் 103 வயதில் காலமானார். இனி எழுத்து மட்டும்தான் அவர்களுக்காகப் பேசும்.

கைப்பிரதி தயார். வரைபடங்களும் அச்சும் பாக்கி. 1,000 பிரதிகள் அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் இலவசமாக அனுப்ப 2,40,000 ரூபாய் தேவை. பார்வையற்றோருக்காக ஒலிநூலும் செய்கிறோம்; குரல் கொடுப்பவர்கள் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள், ஒலிப்பதிவுக் கூட வாடகை மட்டும் 30,000 ரூபாய். 240 ரூபாய் தந்தால் ஒரு பிரதி ஒரு பள்ளிக்குப் போய்ச் சேரும். எந்தப் பள்ளி என்று நீங்களே சொல்லலாம், உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியாக இருந்தால் இன்னும் நல்லது.

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும், தனிநபர் யாரிடமும் கொடுக்காதீர்கள். பொருளாளரிடம் கேட்டால் கணக்கு விவரம் தருவார், ரசீதும் அனுப்புவார். வரவு செலவை மாதாமாதம் எல்லோருக்கும் காட்டுவோம். மிச்சம் இருந்தால் அதையும் பிரதிகளாகவே அச்சிடுவோம்.

அன்புடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்