ஓராண்டில் ரத்தாகும் திருமணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் ரீஜென்சி காலத் தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து ஓர் அத்தியாயமும் விடாமல் படித்துவருகிறேன். கழுத்துவரை கடனில் இருக்கும் ஒரு பிரபுவும், தந்தையை இழந்த பிறகு தன் சொத்து உறவினரின் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சும் ஒரு வணிகர் மகளும், காதல் என்ற பேச்சே எழாமல், கணக்குப் பார்த்துத் திருமணம் செய்துகொள்ளும் கதை அது. எழுத்தாளரின் நடையிலோ உரையாடலிலோ நான் குறை காணவில்லை. ஆனால் சென்ற வாரம் வந்த ஒன்பதாம் அத்தியாயத்தில், பிரபுவின் வழக்கறிஞர் இருவரையும் எதிரே உட்காரவைத்து, ஓராண்டு வரை கணவன் மனைவியாக வாழாமல் இருந்துவிட்டால் இந்தத் திருமணத்தைச் சிரமமின்றி ரத்து செய்துவிடலாம் என்று உறுதி கூறுகிறார். அவர் பேசும் அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றியே இந்தக் கடிதம்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியதால் அவருடைய மகன் 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை பதிலாளாக இருந்து ஆண்ட காலமே ரீஜென்சி. கதை நடப்பது 1812இல். அந்நாளில் இங்கிலாந்தில் திருமணம் செல்லுமா செல்லாதா என்ற வழக்குகளைத் தேவாலய நீதிமன்றங்களே விசாரித்தன. ஒருவருக்கு முன்பே துணை உயிரோடு இருக்கிறார், மணமக்களுக்குள் தடைசெய்யப்பட்ட உறவுமுறை இருக்கிறது, ஒருவர் மனநிலை தவறியவராக இருந்தார் என்பன போன்ற காரணங்கள் நிரூபிக்கப்பட்டால் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாகும். தாம்பத்தியத்துக்கு உடல் தகுதியே இல்லை என்பதும் ஒரு காரணம்தான்; ஆனால் அதற்குத் தம்பதி மூன்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாக எதிர்பார்த்ததோடு, மருத்துவப் பரிசோதனையும் கேட்டது. உடல்நலமுள்ள இருவர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு தனித்தனி அறைகளில் படுத்துறங்குவது எந்த நீதிமன்றத்திலும் காரணமாக நிற்காது. வேண்டுமென்றே தாம்பத்தியத்தை மறுப்பது திருமணத்தை ரத்து செய்யப் போதுமான காரணம் என்று ஆனது 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். ஆக, நம் வழக்கறிஞர் 125 ஆண்டுகள் கழித்து வரப்போகும் சட்டத்தை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்கிறார்.

ரத்து இல்லாவிட்டால் விவாகரத்து இருக்கிறதே என்று சிலர் நினைக்கக்கூடும். தேவாலய நீதிமன்றம் தந்த பிரிவு, மறுமணத்துக்கு இடம் தராத வெறும் பிரிவு. முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அந்த ஒரு தம்பதிக்காகவே தனிச் சட்டம் இயற்ற வேண்டும். பொதுவாகக் கணவன் முதலில் மனைவியின் காதலன்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டு, பிறகு தேவாலய நீதிமன்றத்தில் பிரிவு பெற்று, அதன் பின்னரே பிரபுக்கள் அவையின் படியேறுவான். 1857இல் சட்டம் மாறும்வரை அந்த வழியில் விவாகரத்து பெற்ற பெண்கள் மொத்தமே நால்வர். அவர்களில் முதலாமவருக்கு அது கிடைத்தது 1801இல். நம் கதாநாயகியைப் போன்ற வணிகர் மகளுக்கு அந்தப் பாதை இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கதைதானே, இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். இவ்வகைக் கதையின் உயிர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றைப் படித்துவரும் என்னுடைய கருத்து. அறிமுகம் அதிகமில்லாத இருவர், வெளியேற வழியே இல்லாத ஓர் உறவுக்குள் கண்ணைத் திறந்துகொண்டே நுழைகிறார்கள். அதனால்தான் காலை உணவு மேசையில் அவன் செய்தித்தாளைத் தாழ்த்தி அவளை நிமிர்ந்து பார்ப்பதுகூட நமக்கு ஒரு நிகழ்ச்சியாகிறது. ஓராண்டில் கதவு திறந்துவிடும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டால், அவர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதற்கும் புரிந்துகொள்வதற்கும் காரணமே இல்லை. நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தால் போதும். எட்டு அத்தியாயங்களாக எழுத்தாளர் நிதானமாக இறுக்கிவந்த முடிச்சை, ஒன்பதாவதில் அவரே அவிழ்த்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் சட்டமே அறியாதவர் அல்லர். கதாநாயகிக்கு 21 வயது நிறைந்த மறுவாரம் திருமணத்தை வைத்திருப்பது, 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தைத் தெரிந்தவர் செய்கிற காரியம். அதற்கு ஒரு மாதம் முன்பு உரிமம் வாங்கித் திருமணம் நடந்திருந்தால் காப்பாளரின் சம்மதம் கட்டாயம் தேவைப்பட்டிருக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாலையில் வீட்டுக் கூடத்தில் நடப்பதாக எழுதியிருக்கும் திருமணத்தில் மட்டும் ஒரு சிறு சறுக்கல். சாதாரண உரிமத்தோடு நடக்கும் திருமணம் தேவாலயத்தில், காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் நடந்தாக வேண்டும். கான்டர்பரி பேராயர் தரும் சிறப்பு உரிமம் இருந்தால் இடமும் நேரமும் தடையாகா. கவிஞர் பைரன் 1815 ஜனவரி 2 அன்று சீஹாம் மாளிகையின் வரவேற்பறையில் மணந்துகொண்டது அப்படித்தான். கதாநாயகன் பிரபு என்பதால் அவருக்கும் அது கிடைக்கும். ‘சிறப்பு’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் அந்த அத்தியாயம் சரியாகிவிடும்.

ஒன்பதாம் அத்தியாயத்துக்கு அப்படி ஒரு சொல் போதாது. ஆனால் வழக்கறிஞர் அறையில் அந்த ரத்துப் பேச்சை எடுத்துவிட்டால் அங்கே பேசுவதற்கு விஷயம் இல்லாமல் போய்விடாது. உண்மையில் அந்த அறையில் மணிக்கணக்காகப் பேசப்பட்டது பணம்தான். அன்றைய பொதுச் சட்டப்படி, திருமணமான நொடியிலேயே மனைவியின் ரொக்கமும் நகையும் கணவனுடையவை. அவளுடைய நிலத்தின் வருமானமும் அவன் கைக்கே போகும். அதைத் தடுக்கத் தெரிந்த குடும்பங்கள், திருமணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதி, பெண்ணின் பணத்தை அறங்காவலர்களின் பொறுப்பில் வைத்தன. ஆண்டுக்கு அவள் கைச்செலவுக்கு எவ்வளவு, கணவன் இறந்தால் அவளுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு, பிறக்கும் இளைய குழந்தைகளுக்கு எவ்வளவு என்று எல்லாம் அந்தப் பத்திரத்திலேயே தீர்மானமாகும். கதாநாயகி 20,000 பவுண்டு கொண்டுவருகிறாள் என்று எழுத்தாளர் சொல்கிறார். ஐந்து சதவீத அரசுக் கடன்பத்திரத்தில் அது ஆண்டுக்கு 1,000 பவுண்டு. அதில் எவ்வளவை அவன் கடன்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறாள், எவ்வளவைத் தனக்கென்று பிடித்துவைக்கிறாள் என்பதை அவள் வாயாலேயே பேசவைத்தால், அவளுடைய துணிவையும் அவனுடைய கூச்சத்தையும் ஒரே காட்சியில் காட்டிவிடலாம். இப்போதுள்ள கதையில் இந்தப் பத்திரம் நான்காம் அத்தியாயத்தில் அரை வரியில் வந்துபோகிறது.

வெளியேற வழி இல்லாத திருமணம் எப்படி இருக்கும் என்பதற்கு எழுத்தாளர் தொலைவில் தேட வேண்டியதில்லை. அக்காலத்துக்குப் பெயர் தந்த இளவரசரே இருக்கிறார். 1795இல் அவருடைய கடன் ஆறு லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. மணம் முடித்தால் நாடாளுமன்றம் கைகொடுக்கும் என்பதற்காகப் பிரன்ஸ்விக் இளவரசி கரோலினை ஏப்ரல் 8 அன்று மணந்தார். திருமணத்துக்கு மூன்று நாள் முன்பு முதன்முதலாக அவரைப் பார்த்தவுடன் இளவரசர் கேட்டது ஒரு கோப்பை பிராந்தி. அடுத்த ஜனவரியில் ஒரு மகள் பிறந்தாள். அதன் பின் இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள். 1820இல் மன்னரானபோது, அரசியின் பட்டத்தைப் பறித்துத் திருமணத்தையும் முறிக்க அவர் தரப்பில் மசோதா வந்தது. பிரபுக்கள் அவையில் ஒன்பதே வாக்கு வித்தியாசத்தில் தேறிய அதை அரசாங்கம் கைவிட நேர்ந்தது. மன்னரும் அவருடைய அமைச்சர்களும் முயன்றும் திறக்காத பூட்டை, நம் கதையின் வழக்கறிஞர் ஓராண்டுத் தவணையில் திறந்துவிடலாம் என்கிறார்.

இத்தொடரைப் பற்றி அண்மையில் கடிதம் எழுதிய வாசகர் ஒருவர் இதை ‘வசதித் திருமணம்’ என்று குறிப்பிட்டிருந்தார். அச்சொல் வசதியான வீட்டுத் திருமணம் என்று பொருள்பட்டுவிடுகிறது. ‘காரியத் திருமணம்’ எனலாமா என்று யோசித்தேன். தமிழில் ‘காரியம்’ என்றதும் வேறொன்று நினைவுக்கு வருவதால் விட்டுவிட்டேன். எழுத்தாளர் முதல் அத்தியாயத்தில் ஒருமுறை ‘கணக்குத் திருமணம்’ என்று எழுதியிருந்தார். அதையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.

தொடர் நூலாக வெளிவரும்போது அந்த வழக்கறிஞரின் இரண்டு வாக்கியங்களை மட்டும் நீக்கிவிடுமாறு தங்கள் வாயிலாக எழுத்தாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, மாடிப்படியின் கடைசிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் காட்சியில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி