கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கணக்குப்பிள்ளை ஆக்காதீர்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி நாம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களே நமக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற முதல் நாள். பிள்ளைகளின் மனசு இன்னும் வீட்டிலேயே கிடக்கும், பாடம் நடத்தினால் தலையில் ஏறாது. அதனால் உங்களில் பலர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்கள். "ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு, தாத்தா உங்களுக்கு என்ன கொண்டு வந்தார்னு சொல்லுங்க பார்ப்போம்." என் மகனின் ஆசிரியையும் அதைத்தான் செய்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கலகலப்பாகத்தான் தொடங்கியிருக்கும்.

அன்று சாயங்காலம் அவன் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டேன்.

"அம்மா, கெட்ட பிள்ளைன்னா எப்படி இருப்பாங்க?"

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. பக்கத்தில் உட்காருகிறவனுக்குத் தாத்தா 12 கலர் பென்சில் கொண்டுவந்தாராம். பின் பெஞ்சில் இருக்கிற இன்னொருவனுக்குச் சைக்கிள்.

"அவன் யாரையும் அடிக்க மாட்டாம்மா. என் டிபன் டப்பா மூடி வரலைன்னா அவன்தான் தொறந்து குடுப்பான். சைக்கிள் கிடைச்சவன் தினம் கிள்ளுறான். அப்போ தாத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா? இல்ல, எனக்குத் தெரியாம இவன் ஏதாவது பண்ணிட்டானா?"

"ஒரே ராத்திரியில எத்தனை வீட்டுக்குப் போகணும்! பை மாறிப் போயிருக்கும்டா" என்றேன். "மாறிப்போனா திரும்ப வந்து மாத்திக் குடுக்க மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு மற்ற ஷூவைக் கழற்றினான். என் பதில் அவனிடம் எடுபடவில்லை என்பது அந்த ஷூ கழன்ற வேகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கேள்விக்கு விதை போட்டவர் ஆசிரியை இல்லை, நான்தான். டிசம்பர் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பாட்டு: பால் குடிக்கவில்லையா, தாத்தா பார்த்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சியை அடித்தாயா, தாத்தா எழுதிவைத்துக்கொள்வார். வீட்டுப்பாடம் முடியவில்லையா, பை காலியாகத்தான் வரும். சின்ன வயதில் எனக்குச் சாப்பாடு ஊட்டக் கூப்பிட்ட அதே பூச்சாண்டிதான் இது. சிவப்புச் சட்டை மாட்டி, வெள்ளைத் தாடி ஒட்டி, கையில் பரிசுப் பையையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டோடு இருந்தவரை அதில் பெரிய சேதம் தெரியவில்லை. என் பிள்ளை நல்லவன், அவனுக்குப் பரிசு வந்தது, கணக்கு சரி. வகுப்பில் முப்பது பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்று பரிசைச் சொன்னபோதுதான் அது முப்பது பேருக்கான நன்னடத்தைச் சான்றிதழாக மாறியது. பென்சில் வாங்கிய பிள்ளையின் வீட்டில் அந்த மாதம் என்ன நெருக்கடியோ! அது யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை தன் குணத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அதுதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கிற தாத்தாவை நாம்தான் செய்து வைத்திருக்கிறோம்.

உண்மையில் இந்தக் கதையின் வேரில் கணக்கே கிடையாது. 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் தெம்ரே என்று அழைக்கப்படும் மைரா நகரில் ஆயராக இருந்த நிக்கோலஸைப் பற்றி மரபாகச் சொல்லப்படும் கதை இது. நொடித்துப்போன ஒரு தகப்பன். மூன்று பெண்கள். கட்டிக்கொடுக்க வழியில்லை. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாக ஒரு பொன்முடிப்பு வந்து விழுகிறது. மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. இரண்டாவது முறையும் விழுகிறது. மூன்றாவது முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறார். ஆயர் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: நான் உயிரோடிருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லாதே. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதை அப்படியே செய்து காட்டியவர். அந்த மூன்று பெண்களும் நல்ல பிள்ளைகளா, அம்மா பேச்சைக் கேட்டார்களா என்று அவர் விசாரித்ததாகக் கதையில் ஒரு வரி கூட இல்லை. இல்லாதவர்கள் வீடு என்றுதான் தேடிப் போனார். இன்றைக்கு நாம் சொல்கிற தாத்தா இருக்கிறவர்கள் வீட்டுக்குச் சைக்கிளும் இல்லாதவர்கள் வீட்டுக்குப் பென்சிலும் கொண்டுபோகிறார். கதை தலைகீழாகத் தொங்குகிறது.

கணக்கும் பிரம்பும் பின்னால் சேர்ந்தவை. ஆஸ்திரியா பக்கம் டிசம்பர் 5 இரவு, கொம்பும் சங்கிலியுமாக, சேட்டைக்காரப் பிள்ளைகளை மிரட்ட கிராம்பஸ் என்ற பூதம் வருவான். இத்தாலியில் ஜனவரி 6-க்கு முந்தின ராத்திரி துடைப்பத்தில் வரும் பெஃபானா என்ற கிழவி, சேட்டைக்காரப் பிள்ளைகளின் காலுறையில் கரியைப் போடுவாள். ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின 13 இரவுகளில், ராத்திரிக்கு ஒருவராகப் பதின்மூன்று பேர் வந்து, ஜன்னலில் வைத்த ஷூவுக்குள் பரிசையோ அழுகின உருளைக்கிழங்கையோ போட்டுவிட்டுப் போவார்கள். நம் பூச்சாண்டிக்கு உலகமெங்கும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் போல!

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு படம். இன்றைய தாத்தாவின் குண்டு வயிற்றுக்கும் தாடிக்கும் உருவம் கொடுத்ததில் பெரும்பங்கு தாமஸ் நாஸ்ட் என்ற அமெரிக்க ஓவியருடையது. 1863-இலிருந்து ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில் தாத்தாவை வரைந்துகொண்டிருந்தவர். 1871-இல் அவர் வரைந்த படத்தில் தாத்தா மேசை முன்னால் உட்கார்ந்து தபால் படிக்கிறார். இரண்டு பக்கமும் கடிதக் குவியல். ஒன்று, நல்ல பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. மற்றது, சேட்டைக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. கவனித்தீர்களா? எழுதியவர்கள் பெற்றோர்! தாத்தா ஒளிந்திருந்து யாரையும் வேவு பார்க்கவில்லை. கோள் மூட்டியது நாம். சித்திரகுப்தன் வேலையை அவர் தலையில் கட்டியதும் நாம்தான்.

இனி உங்கள் வகுப்பறைக்கு வருகிறேன். பரிசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஊர் உலகத்தில் ஒரே பதில் கிடையாது. நெதர்லாந்தில் டிசம்பர் 5 இரவே நிக்கோலஸ் வந்து கொடுத்துவிடுவார். ஸ்பெயினில் ஜனவரி 5 இரவு ஒட்டகத்தில் வரும் மூன்று ஞானிகள். ஜெர்மனியின் சில பகுதிகளில் குழந்தை இயேசுவே கொடுக்கிறார். புனிதர்களை முன்னிறுத்துவதை விரும்பாத மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தோடு பரவிய வழக்கம் அது. காத்தலோனியாவில் ஒரு மரக்கட்டைக்குப் போர்வை போர்த்தித் தினமும் தீனி வைத்து, கடைசியில் குச்சியால் அடித்தால் அதற்குள்ளிருந்து பரிசு வரும். (இதை என் மகனிடம் சொன்னபோது, தாத்தாவை விட்டுவிட்டுக் கட்டைக்கு மாறலாமா என்று கேட்டான்.) ஒரே ஊருக்குள்ளும் வீட்டுக்கு வீடு வாசப்படி. ஒரு வீட்டில் எல்லாம் தாத்தா. ஒரு வீட்டில் காலுறைக்குள் இருக்கும் சின்னச் சாமான் மட்டும் தாத்தா, பெரிசெல்லாம் அப்பா அம்மா. பொய் சொல்லக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே உள்ளதைச் சொல்லி வளர்க்கிற வீடும் உண்டு. பண்டிகையே இல்லாத வீடும் உண்டு. இத்தனை கதைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற ஒரே இடம் உங்கள் வகுப்பறை. அங்கே நீங்கள் சொல்கிற சொல்லுக்கு எங்கள் சொல்லைவிட எடை அதிகம். "மிஸ்ஸே சொன்னாங்க" என்று ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் இல்லை.

அதற்காகத் தாத்தாவே கிடையாது என்று போட்டு உடைத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதை முயன்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் தீஜோன் நகரில், பேராலயத்துக்கு முன்னால், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தாத்தாவின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். பண்டிகையை அவர் களவாடிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மறுநாளே நகராட்சிக் கட்டடத்தின் கூரையில் விளக்கொளியில் தாத்தா வந்து நின்றார். பிள்ளைகளுக்கு என்ன புரிந்திருக்குமோ!

பிள்ளைகள் நேராகவே உங்களிடம் கேட்பார்கள்: "மிஸ், தாத்தா நிஜமா?" 1897-இல் நியூயார்க்கில் எட்டு வயது வர்ஜீனியா ஓ'ஹேன்லன் இதையே கேட்டாள். அவள் கேட்டது அப்பாவிடம். அவரோ, 'தி சன்' பத்திரிகையில் வந்தால் அது உண்மை என்று நழுவிவிட்டார். பத்திரிகைக்கு எழுதினாள். செப்டம்பர் 21 அன்று, ஆம், இருக்கிறார் என்று தலையங்கமே வந்தது. எல்லோரும் அந்தத் தலையங்கத்தைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த அப்பாவைத்தான் நன்றாகத் தெரிகிறது, தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். வர்ஜீனியா வளர்ந்து பள்ளி ஆசிரியை ஆனார். உங்கள் இனம்தான்.

நீங்கள் நழுவலாம், அது உங்கள் உரிமை. "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். இருக்கிறார் என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், இல்லை என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பிள்ளைகள் உடைந்துபோவார்களோ என்ற பயம் நமக்குத்தான் அதிகம். 1994-இல் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட 52 பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். தெரிந்ததும் மொத்தத்தில் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. சோகப்பட்டவர்கள் பெற்றோர்.

எங்கள் வீட்டில் அது நோட்டுக்கு அட்டை போடும் நாளில் நடந்தது. செலோடேப்பை நான் கத்தரியால் வெட்டுவதில்லை, பல்லால் கடித்துத்தான் கிழிப்பேன். முனை ரம்பம்போல் இருக்கும், ஒரு ஓரம் கொஞ்சம் நீண்டு நிற்கும். என் முன்பல் ஒன்று உடைந்திருப்பதால் வருவது அது. நான் டேப்பைக் கிழித்துக் கொடுக்கக் கொடுக்க, அவன் ஒட்டிக்கொண்டே வந்தான். நான்காவது நோட்டில் கை நின்றது. டேப் முனையை விரலால் தடவினான். எழுந்து போய்த் தன் அலமாரியிலிருந்து, பத்திரமாக மடித்துவைத்திருந்த கிறிஸ்துமஸ் பரிசுத் தாளை எடுத்து வந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். என் வாயைப் பார்த்தான்.

நான் அழுகைக்குத் தயாரானேன். அவன் அழுவான் என்று. எனக்கும் கொஞ்சம் வந்திருக்கும்.

"அப்போ எல்லாருக்கும் அவங்கவங்க அம்மா அப்பாதானா?"

"ஆமாடா."

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்போ அவன் எதுவும் பண்ணலை. பென்சில் குடுத்தது அவங்க அம்மா. நல்ல பையன்தான் அவன்."

அத்தனை மாதம் அந்தக் கேள்வியை அவன் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்து, டப்பா மூடியைத் திறந்து வாங்கிக்கொண்டு, இவன் என்ன தப்புச் செய்திருப்பான் என்று. தாத்தா போனது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. நண்பனின் வழக்கு தள்ளுபடியானதில் அவனுக்கு அத்தனை நிம்மதி. மிச்ச நோட்டுகளுக்கும் அட்டை போட்டு முடித்தோம். தங்கச்சியிடம் சொல்லக் கூடாது என்று அவன்தான் எனக்குச் சொன்னான்.

இந்த டிசம்பரில் என் மகள் உங்களில் ஒருவரின் வகுப்பில் இருப்பாள். நான் பூச்சாண்டியை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டுத் தாத்தா இப்போது எதையும் எழுதிவைப்பதில்லை. ஒரே ஒரு சின்னச் சாமான் கொண்டுவருகிறார், மிச்சமெல்லாம் யார் வாங்கியது என்று அவரவர் பெயரைச் சொல்லிவிடுகிறோம். நீங்களும் டிசம்பரில் வகுப்பை அடக்க அவரைக் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலே போதும். ஜனவரியில் முதல் நாள், என்ன கிடைத்தது என்று கேட்காமல், லீவில் என்ன விளையாடினீர்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டு கலர் பென்சில் வைத்திருக்கிற பிள்ளைக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா