பிரஷர் மெஷின் தானாக நடந்து போகாது

மதிப்பிற்குரிய சி.எஸ்.ஆர். குழுவினருக்கு,

வணக்கம். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சி.எஸ்.ஆர். கணக்கிலிருந்து, ஆறு வருடமாக எங்கள் டிரஸ்ட்டுக்கு நிதி தந்து வருகிறீர்கள். அந்த நன்றியில் ஒரு துளியும் குறையாமல்தான் இதை எழுதுகிறேன். இதே விஷயமாகத் தனியாக மூன்று கடிதம் போட்டாயிற்று. மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் பதில். அதனால் நாலாவதைப் பொதுவில் வைக்கிறேன். உங்கள் கம்பெனியின் பெயரைப் போடவில்லை. இந்தக் கதை பல கம்பெனிகளுக்குப் பொருந்தும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் உங்கள் மின்னஞ்சல் வந்தது. வீடு தேடிப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தில், நான்கு களப்பணியாளர்களின் சம்பளத்தை மட்டும் சிவப்பில் அடித்திருந்தீர்கள். மாதம் 9,000 வீதம் நாலு பேருக்கு, வருடத்துக்கு 4,32,000 ரூபாய். 'இது நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்க இயலாது. இத்தொகைக்குக் கருவிகள் வாங்கப் பரிந்துரைக்கவும்' என்று பக்கத்தில் குறிப்பு.

கருவிகள் இருக்கின்றன ஐயா. எங்கள் அலமாரியில் இன்றைய தேதிக்குப் பதினான்கு பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் ஒன்பது குளுக்கோமீட்டர். எல்லாவற்றிலும் உங்கள் லோகோ ஒட்டியிருக்கிறது. குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் வாங்கத்தான் காசில்லை. ஸ்ட்ரிப் தீர்ந்துபோகிற பொருளாம், சொத்துக் கணக்கில் வராதாம்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்ச் 31-ஆம் தேதியோடு உங்கள் நிதியாண்டு முடிந்தது, எங்கள் பணமும் முடிந்தது. அடுத்த தவணைக்கு ஒப்புதல் வந்தது ஆகஸ்ட் நடுவில். இடையில் நாலரை மாதம். வாதம் வந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன பெரியவர் ஒருவருக்கு, வாரம் மூன்று நாள் போய்ப் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் எங்கள் களப்பணியாளர். ஏப்ரலில் சம்பளம் இல்லாமலே போனார். மே மாதம் பெட்ரோலுக்குச் சொந்தக் காசைப் போட்டுக்கொண்டு போனார். ஜூனில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்டில் நாங்கள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது, கொல்லையில் துணி காயும் கொடியில் ரப்பர் கையுறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய கையுறை. மருமகள் அவற்றைச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, திரும்பத் திரும்பப் போட்டு மாமனாருக்குப் புண் துடைத்திருக்கிறார். ஓட்டை விழுந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். மார்ச்சில் எட்டணா அளவு இருந்த புண், எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். பகலெல்லாம் களை எடுக்கப் போகிற பெண் அதை எப்படிச் செய்வார் என்று கேட்டுப் பார்க்கவும், வேறு வழி யோசிக்கவும்தான் அங்கே ஒரு ஆள் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்கிறோம்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறதே என்று உங்கள் அதிகாரி ஒருவர் கேட்டார். இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது எத்தனையோ வயதானவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் நோய் தணிப்புக்கு, அதாவது தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்புக்கு, வருகிற செவிலியர் ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டும். ஒரே வீட்டுக்கு வாரம் மூன்று நாள் வா என்றால் அவர் என்ன செய்வார்? அந்த இடைவெளியில்தான் நாங்கள் நிற்கிறோம். கேரளத்தில் 2008-லேயே நோய் தணிப்புக்கென்று அரசு கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகளையும் அதில் இறக்கிவிட்டார்கள். நமக்கு வாய்த்தது நீங்கள்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், இருந்தாலும் சொல்கிறேன். கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின் கீழ் 2021 ஜனவரியில் திருத்திய விதிகளில் வரும் அந்த 5 சதவீத வரம்பு, உங்கள் கம்பெனிக்குள்ளே சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அதே வரையறையில் எழுதியிருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் நிர்வாகம் இல்லை, அவர்தான் திட்டம். தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை நடத்தவும் விதியில் இடம் இருக்கிறது. செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். மார்ச் 31-ல் கதவைச் சாத்தச் சொல்லிச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

சம்பளத்தைத் திட்டச் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒப்புதல் கொடுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஆறேழு லட்சம் ரூபாய் திட்டத்துக்கு, அதனால் என்ன பலன் விளைந்தது என்று அளந்து சொல்லும் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்டிருக்கிறீர்கள். விதிப்படி அது ஒரு கோடியும் அதற்கு மேலும் போகும் திட்டங்களுக்கு, அதுவும் பெரிய கம்பெனிகளுக்கு. பரவாயில்லை, எழுதித் தருகிறோம். பயனாளிகள் சிரித்த முகத்தோடு இருக்கும் படம் ஆறு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். படுக்கைப் புண் இருக்கிறவரைச் சிரிக்க வைக்கும் கருவி ஏதும் உங்கள் பட்டியலில் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்கிறோம். போன முறை பேனர் நோயாளியின் கட்டிலைவிட நீளமாக இருந்ததால் அந்த வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. நோயாளியை வெளியே தூக்கி வர முடியுமா என்று கேட்டார் படம் எடுக்க வந்த தம்பி. அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் மேலே யாரோ கேட்டிருப்பார்கள்.

வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். பணம் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஆடிட்டர், போர்டு, கேள்வி என்று நெருக்கடி உண்டு. அதனால்தான் எங்கள் ஆடிட்டரிடம் அந்த விதியின் நகலை வாங்கி, சம்பந்தப்பட்ட வரிக்கு அடிக்கோடு போட்டு, திருத்திய பட்ஜெட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் புதிய கருவி எதுவும் இல்லை. நாலு பேர் சம்பளம், பெட்ரோல், ஸ்ட்ரிப், பஞ்சு, கையுறை. பதினான்கு பிரஷர் மெஷினில் பத்தைத் திருப்பித் தரவும் தயார், வேண்டியவர்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் குழு கூடும் நாளில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போன அந்தக் களப்பணியாளரையும் அழைத்து வருகிறேன். போன வருட ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளம் அவருக்கு இன்னும் பாக்கி. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அன்றைக்கே சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நிதியில் நடக்கும் டிரஸ்ட் ஒன்றின் பொறுப்பாளர்