கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே புரட்டாசி பிறந்திருக்கும். இங்கே இப்போதுதான் குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கின்றன.

நேற்று செப்டம்பர் 19. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பாட்டிகள் சிலர் வெள்ளைக் கமேலியா பூவைச் சட்டையில் குத்தியிருந்தார்கள். 1893-ல் அந்தத் தேதியில்தான் இந்த நியூசிலாந்து நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. தன்னாட்சி நாடுகளில் இதுதான் முதல். அன்றைக்குத் தங்களை ஆதரித்த எம்.பி.க்களுக்குப் பெண்கள் கொடுத்தது வெள்ளைப் பூவாம். எதிர்த்தவர்கள் சிவப்பை வைத்துக்கொண்டார்கள். ஏவன் ஆற்றங்கரையில் அந்தப் பெண்களுக்கு வெண்கலத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. டியூட்டி முடிந்து நானும் போய் நின்றுவிட்டு வந்தேன்.

இதை உனக்கு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் தெரு மதுக்கடையை மூடச் சொல்லி நீங்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனு என்ன ஆனதென்றே தெரியவில்லை என்று போனில் அலுத்துக்கொண்டாய் அல்லவா? இங்கேயும் எல்லாம் ஆரம்பித்தது குடியில்தான். கூலிப் பணம் சாராயக் கடைக்குப் போகிறது, அடி மட்டும் வீட்டுக்கு வருகிறது என்று மதுவிலக்குச் சங்கப் பெண்கள் திரண்டார்கள். ஓட்டு இல்லாதவள் பேச்சை எவன் கேட்பான்? அதனால் ஓட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற கேட் ஷெப்பர்டும் லிவர்பூலிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்தான். இப்போது பத்து டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது.

1891-ல் 9,000 கையெழுத்துக்கு மேல் வாங்கிக் கொடுத்தார்கள், நடக்கவில்லை. அடுத்த வருடம் ஏறக்குறைய 20,000. அதுவும் போயிற்று. 1893-ல் கிட்டத்தட்ட 32,000. வயது வந்த வெள்ளைக்காரப் பெண்களில் கால்வாசிப் பேர் என்று வைத்துக்கொள். பெரிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, விளக்குமாற்றுக் கட்டையில் பாய் மாதிரி சுருட்டினார்கள். நீளம் 270 மீட்டர். ஜான் ஹால் என்ற எம்.பி. அதைச் சபை நடுவே உருட்டிவிட, அவிழ்ந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் கட்டை மோதியதாம்! அந்தச் சுருள் இன்னும் வெலிங்டனில் பத்திரமாக இருக்கிறது. நீங்களும் அடுத்த தடவை நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? டுனெடின் எம்.பி. ஹென்றி ஃபிஷ் ஆள் வைத்துக் குடிக்கடைகளில் எதிர் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். அதில் பொய்க் கையெழுத்துகள் பிடிபட்டு மானம் போயிற்று. பிரதமர் செடன் ஒரு காலத்தில் மதுக்கடை நடத்தியவர். மேல்சபையில் மசோதாவைத் தோற்கடிக்கத் தன் கட்சி உறுப்பினர் ஒருவரை ஓட்டை மாற்றச் சொல்லித் தந்தி அடித்தார். இந்தத் தலையீட்டில் கடுப்பாகி, எதிர்த்து வந்த இரண்டு பேர் ஆதரித்துவிட்டார்கள். 20-க்கு 18. அவருடைய தந்தியே பெண்களை ஜெயிக்க வைத்தது. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

அதே வருடம் இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தனிப் பாராளுமன்றத்தில் மெரி தே தாய் என்ற இளம்பெண் எழுந்து, நிலத்துக்குச் சொந்தக்காரிகளான எங்களுக்கு ஓட்டும் வேண்டும், உறுப்பினராகும் உரிமையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவள் பெயரை இங்கே பலர் இப்போதுதான் சொல்கிறார்கள்.

நவம்பர் தேர்தலில் 90,000 பெண்களுக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மதுவிலக்கு? சில ஊர்களில் கடைகளை மூடினார்கள், அவ்வளவுதான். நாடு முழுக்க அது வரவே இல்லை. இன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் பால் பாக்கெட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒயின் அடுக்கியிருக்கிறது.

உனக்கு இன்னொன்று. இங்கே குடியுரிமை வாங்காவிட்டாலும் நிரந்தர வசிப்பு விசா இருந்து, ஒரு வருடம் தொடர்ந்து தங்கியிருந்தால் ஓட்டு உண்டு. என் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் "யாருக்குப் போடப் போறே?" என்று கேட்டார். சொல்லவில்லை.

ஓட்டு 1893-லேயே வந்தாலும் பெண்கள் தேர்தலில் நிற்க 1919 வரை விடவில்லை. முதல் பெண் எம்.பி. எலிசபெத் மெக்கோம்ப்ஸ் ஜெயித்தது 1933-ல், அதுவும் இறந்துபோன கணவரின் தொகுதியில். வார்டு பெண்களுக்கு ஒதுக்கியிருப்பதால் நீ நிற்கப் போவதாக மாமா சொன்னார். தாராளமாக நில். போஸ்டர் அடிக்கப் பணம் அனுப்புகிறேன். ஆனால் அதில் உன் படம் மட்டும் இருக்கட்டும், மாமா கும்பிடுகிற படம் வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்.

அன்புத் தங்கை,
கலா