முப்பதுகளில் இருப்பவர்கள் பாடும் பாட்டு

அன்புள்ள குமார்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, இப்போதுதான் பதில் எழுத நேரம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். வீடு மாறிவிட்டோம், டோக்கியோவில் முன்பிருந்த நிஷிகசாய் பகுதியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரயிலடிக்கு நிறைய நடக்க வேண்டும், வாடகை குறைவு. சரி, ஜப்பானில் நம்மை ஒத்த வயதுக்காரர்கள் என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

அலுவலகத்தில் என்னோடு இருப்பவர்களில் பாதிப்பேர் முப்பதுகளில் இருக்கிறார்கள். பின்னணி இசைக்கு நாமே பாடும் கரோக்கேவுக்குப் போனால் நாற்பதை நெருங்குகிறவர்கள் பாடகர் உததா ஹிகாருவின் பாட்டைத்தான் எடுப்பார்கள். 1998 டிசம்பரில் 'ஆட்டோமேட்டிக்' பாட்டு வந்தபோது பாடியவருக்கு வயது பதினைந்துதான், மறு ஆண்டு வந்த 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பத்தின் விற்பனையை இந்த நாட்டில் இதுவரை எதுவும் தாண்டவில்லை. அவர்களைவிடச் சற்று இளையவர்களுக்கு 2008இல் வந்த 'கிசேகி' பாட்டு. பாடிய க்ரீன் குழுவினர் பல் மருத்துவம் படித்தவர்கள், முகத்தைக் காட்டவே மாட்டார்கள். மடக்கு போனில் காசு கொடுத்துப் பாட்டை இறக்கிக் கேட்ட காலம் அது.

ஆனால் உனக்கு நான் சொல்ல ஆசைப்படுவது பாடகி ஏஞ்சலா அகியின் 'தெகாமி' (கடிதம்) என்ற பாட்டைப் பற்றி. இங்கே நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகக் கூட்டுப்பாடல் போட்டிக்குத் தயாராவார்கள், பல வாரம் பயிற்சி நடக்கும். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. நாடு முழுவதற்கும் நடத்தும் பள்ளி இசைப் போட்டி வேறு இருக்கிறது, 2008இல் அதன் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்கு எழுதப்பட்ட பாட்டுதான் இது. பதினைந்து வயதுப் பிள்ளை வருங்காலத்தில் இருக்கும் தனக்குக் கடிதம் எழுதுகிறது, வளர்ந்தபின் அதே ஆள் பதில் எழுதுகிறார். பதின்ம வயதில் ஏஞ்சலா தனக்கே எழுதி வைத்த கடிதத்தை அவருடைய அம்மா முப்பதாவது பிறந்தநாளுக்கு அனுப்பி வைத்தார், அதிலிருந்துதான் பாட்டே பிறந்தது.

அன்று பாடிய பிள்ளைகளுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. பாட்டில் பதில் எழுதுகிற ஆளின் இடத்துக்கு அவர்களே வந்துவிட்டார்கள், எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. போன மாதம் கரோக்கேயில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண், அதிகம் பேசாதவர், இந்தப் பாட்டு ஓடியதும் மெட்டை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுக் கீழே ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் பகுதியைப் பிடித்தார், பள்ளியில் அவருக்குக் கொடுத்திருந்த பகுதி அதுதானாம். எதிரே இருந்தவர் ஆண்குரல் பகுதியை எடுத்துக்கொண்டார். வேறு வேறு ஊரில் படித்தவர்கள், ஒத்திகை எதுவும் கிடையாது, மூன்று குரலும் அப்படிப் பொருந்தின குமார். உததா பாட்டை அவர்கள் கேட்டுக் கேட்டு நேசித்தார்கள், இதையோ மாலை மாலையாக நின்று, ஆசிரியர் நிறுத்தி நிறுத்தித் திருத்த, உழைத்துக் கற்றார்கள். அதனால்தான் சொல் மறந்தாலும் தங்கள் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது மறப்பதில்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு வந்த இகிமோனோகாகாரி என்ற இசைக்குழுவின் 'யெல்' பாட்டும் இப்படித்தான், ஒரு வயது இளையவர்கள் அதற்காகச் சண்டையே போடுவார்கள்.

'தெகாமி'யின் இரண்டு பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முதலில் பிள்ளைகள் பாடியதைக் கேள், அப்புறம் ஏஞ்சலா பியானோ வாசித்துப் பாடியதை. பாப்பா கீபோர்டு கற்றுக்கொள்கிறாள் என்றாயே, அந்த முன்னிசையை அவளுக்குப் போட்டுக் காட்டு, கடினமில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் எப்போது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ரவி