போல்ட்டை முதலில் அனுப்பு

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்.

போன வாரம் நீ அனுப்பிய ஒற்றை வரியைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். "துப்பாக்கி பேரல் தீர்ந்துபோச்சுப்பா, விட்டுடலாம்." அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் எடுப்பதில்லை. முன்பெல்லாம் ஒரு ஞாயிறு தவறாமல் டார்கெட் பேப்பர் போட்டோ வந்துவிடும். நூறு கஜத்தில் ஐந்து ஓட்டையும் ஒரு கோட்டுப் பொத்தானுக்கு அடியில் மறைந்துவிடும். நான் அதன் ஓரத்திலிருந்து ஓரம் அளந்து, குண்டின் விட்டம் 0.224 இஞ்சைக் கழித்து, "0.4, நல்லா இருக்கு" என்று எழுதுவேன். பிப்ரவரியோடு அது நின்றுபோனது. மார்ச்சில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. மருமகள் சொன்ன அளவுக்குத் தெரியும், அது போதும்.

பேரல் தீர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? உன் நோட்டில் எத்தனை ரவுண்டு ஏறியிருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது 1,400 சொச்சம் என்றாய். இருபத்திரண்டு-இரு நூற்றைம்பது பேரலின் தொண்டையை, குண்டு பேரலுக்குள் நுழைகிற வாயை, தின்கிற தோட்டாதான், இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு வெடிமருந்து அத்தனை குறுகிய ஓட்டை வழியே எரிந்து போகும்போது, ரைஃப்ளிங் என்கிற சுருள் பள்ளம் தொடங்குகிற இடம் முதலில் வெடிப்பு விடும். கேமரா விட்டுப் பார்த்தால் கோடையில் காய்ந்த ஏரி மாதிரித் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. வெடிப்பு விட்ட எத்தனையோ பேரல் பின்னும் ஒழுங்காகச் சுட்டிருக்கிறது.

குரூப் விரிந்தால், ஓட்டைகள் தள்ளித் தள்ளி விழுந்தால், பழியைப் பேரல் மேல் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். முதலில் ஆக்‌ஷன் ஸ்க்ரூ இரண்டும், அதாவது பேரல் திருகியிருக்கிற இரும்புக் கூட்டை (ரிசீவரை) ஸ்டாக் என்கிற மரக்கட்டையோடு பிடிக்கிறவை. நாம் அலுமினியப் பில்லர் வைத்து, அசையாமல் உட்கார பெட்டிங் பசை ஊற்றிய ஸ்டாக் அது, 65 இஞ்ச்-பவுண்டு வைத்து முறுக்கினோம். அது தளர்ந்திருந்தாலே போதும், ஒவ்வொரு சூட்டுக்கும் ஆக்‌ஷன் உட்காருகிற இடம் மாறும். அப்புறம் ஸ்கோப் பேஸ், ரிங். அப்புறம் ஒரு தாளை எடுத்துப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்து ரிசீவர் வரைக்கும் இழு. எங்கேயாவது சிக்கினால் மரம் ஈரத்தில் வீங்கி பேரலைத் தொடுகிறது என்று அர்த்தம். அங்கே கொஞ்சம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

அதன் பிறகு அழுக்கு. குண்டு விட்டுப்போன செம்பை எடுக்கிற திரவம் போடும்போது வெண்கல பிரஷ் வேண்டாம், நைலான் போடு. வெண்கலத்தையும் அதிலிருக்கிற அமோனியா கரைத்துத் துணியில் நீலம் காட்டும். பேரல் சுத்தமான பிறகும் நீ இன்னும் செம்பு இருக்கிறது என்று தேய்த்துக்கொண்டே இருப்பாய். தேய்க்கிறதிலேயே பேரல் கெட்டுப்போகும். சுத்தம் செய்தவுடனே குரூப் பார்த்து முடிவு கட்டாதே. மூன்று, நான்கு ரவுண்டு போனால்தான் அது தன் நிலைக்கு வரும்.

அப்புறம் சூடு. வளை தோண்டுகிற பிரெய்ரி டாக் அணில்களைச் சுட மேட்டில் உட்கார்ந்தால் கை நிற்காது, எனக்குத் தெரியும். நானும் தெற்கு டகோட்டாவில் உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். பேரல் மேல் கை வைத்து ஐந்து எண்ண முடியவில்லையா, பேரலைப் பின்னால் அடைக்கிற போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

இன்னொன்று. துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டுக்கும் தனிப் பூட்டு. சாவி இரண்டையும் மருமகளிடம் கொடு. பேத்திக்கு ஐந்து வயதாகிறது, இனி எட்டாத உயரம் என்று எதுவும் கிடையாது. அந்தச் சின்ன ரிம்ஃபையர் துப்பாக்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாவி அவளிடமே இருக்கட்டும்.

எல்லாம் பார்த்தும் குரூப் கூடவில்லை என்றால் தொண்டைதான் போயிருக்கும். அப்போதும் பேரலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 26 இஞ்ச் கனத்த பேரல் அது. பின்பக்கம் ஒரு இஞ்ச் வெட்டி, மறுபடி மரை போட்டு, ரீமர் விட்டு, தோட்டா உட்காருகிற சேம்பரைப் புதிதாக வெட்டினால் தேய்ந்த இடம் முழுக்கச் சீவலோடு போய்விடும். இருபத்தைந்து இஞ்ச் நிற்கும். அளவு பார்க்கிற கோ கேஜை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும், நோ-கோவுக்கு மூடக் கூடாது. அதை நான் செய்து தருகிறேன். இன்னும் கை நடுங்கவில்லை. போன மாதம்கூட ஒரு பேரலை லேத்தில் ஏற்றி, டயல் முள் அசையாத அளவுக்கு நடு நிறுத்தினேன். அரை நாள் ஆனது, ஆனாலும் நின்றது.

அதனால் ஒன்று செய். போல்ட்டை முதலில் அனுப்பு. அதற்குள் தோட்டாவை அடிக்கிற ஊசியின் ஸ்பிரிங் பழையது, தளர்ந்திருக்கும். அடி சீராக விழவில்லை என்றால் குண்டு மேலும் கீழுமாகப் போகும். போல்ட்டைப் பூட்டுகிற லக் இரண்டும் சமமாக உட்காருகிறதா என்றும் நான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி, போல்ட் வெறும் உதிரிப் பாகம். எண்ணெய்த் துணியில் சுற்றிச் சாதாரணத் தபாலிலேயே போடலாம். இந்த வாரமே போட்டுவிடு. மீதியைக் கழற்ற உன்னிடம் ரெஞ்சு இல்லை. அதை வண்டியில் வைத்து நீயே எடுத்துக்கொண்டு வா. மருமகளையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. பத்து நாளாவது ஆகும், அவசரப்பட்டு செய்கிற வேலையில்லை.

இப்படி எழுதிக்கொண்டு வரும்போது ஒன்று தொண்டையை அடைக்கிறது. இதற்காகத்தான் நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உனக்குப் பதினைந்து வயதில் நம் பழைய துப்பாக்கியின் குரூப் அரை இஞ்சிலிருந்து இரண்டு இஞ்சுக்குப் போனதே, ஞாபகம் இருக்கும். டிரக்கில் வைக்கும்போது நீதான் முனையை இடித்துவிட்டாய் என்று சொன்னேன். நீ "நான் இடிக்கலப்பா" என்றாய். மூன்று தடவை சொன்னாய். நான் விடவில்லை. நான்காவது தடவை கேட்டதற்கு "சரிப்பா, நான்தான்" என்றாய். அதன் பிறகு இரண்டு வருஷம் நீ என்னோடு வயலுக்கு வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பேரலைக் கழற்றி லென்ஸ் வைத்து முனையைப் பார்த்தேன். இடிபட்ட தடம் இல்லை. ஓட்டையின் கீழ்ப்பக்க ஓரம் வழவழவென்று தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஒரு துரும்பளவு. குண்டு வெளியேறும்போது பின்னாலிருந்து வருகிற காற்று அந்தப் பக்கம் முதலில் பீறிட்டு அதைத் திருப்பிவிடும், அவ்வளவு போதும். அதைத் தேய்த்தது நான். பல வருஷமாக, மூன்று துண்டாகச் சேர்த்த அலுமினியக் கம்பியை முனைப்பக்கமாகவே விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து, கைடு போட்டு, ஒற்றைக் கம்பியால்தான் துடைக்க வேண்டும் என்று உனக்கு இத்தனை கறாராகச் சொல்கிறேனே, அது அன்றைக்குக் கற்றுக்கொண்டது. முனையில் ஒரு இஞ்ச் வெட்டி, 11 டிகிரியில் ஓரத்தைச் சீவி க்ரௌன் போட்டேன். மறுபடி அரை இஞ்சுக்கு வந்தது. உன்னிடம் "சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

நீ இடிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை.

யார் செய்த தப்பாக இருந்தாலும், நாலு பேர் நாலு தடவை கேட்டால் "சரி, நான்தான்" என்று தலையில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இந்த மார்ச்சுக்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் வீட்டில், என்னிடம்தான் வந்தது. அங்கே என்ன பேசினார்கள், என்ன கையெழுத்து வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளையை எனக்குத் தெரியும். உன்னைப்போல் பொறுமையாக ட்ரிகர் இழுக்கிற கையை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இதையும் நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

அந்த ஒரு இஞ்ச் துண்டு என் டூல்பாக்ஸில் மேல் இழுப்பறையில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. நீ வரும்போது லென்ஸைக் கையில் கொடுக்கிறேன், நீயே பார்.

போல்ட்டைத் தபாலில் போட்டதும் சொல். சாவி மருமகளிடம் கொடுத்துவிட்டாயா என்றும் சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். பேச எதுவும் இல்லை என்றாலும் கூப்பிடு, சும்மா இரண்டு பேரும் லைனில் இருக்கலாம்.

அப்பா