இந்த ஆடி 18-க்கு நான் மலை ஏற வரவில்லை, மாப்ள

மாப்ள,

இந்த ஆடி 18-க்கும் சைக்கிளில் ஏற்காடு ஏறலாமா என்ற உன் மெசேஜுக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு முதலில் ஸாரி. யோசிக்க நேரம் தேவைப்பட்டது. முடிவு இதுதான்: ஆடிப்பெருக்கன்று பூலாம்பட்டி வரை உன்னோடு வருவேன். காவிரியில் கால் நனைத்துவிட்டு உன்னோடே சேலம் திரும்புவேன். கொண்டலாம்பட்டி வந்ததும் உனக்கு டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். ஏற்காடு அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, சேர்வராயன் கோயில் எதுவும் இந்த வருடம் கிடையாது. அடுத்த வருடமும் அநேகமாகக் கிடையாது.

இதை எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாமே, ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். போன வருடம் நான் மலையில் பாதியில் உட்கார்ந்ததைக் கிண்டல் பண்ணி நீ போட்ட அந்தப் பதிவும் ஊரறியத்தானே? எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், நம் சைக்கிள் குரூப்பில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

காவிரியில் தொடங்கி காவேரியம்மனிடம் முடிப்பது உன் யோசனை. மலை உச்சிக் குகைக்குள் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலமே கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில்தான். கோயிலோ 1600 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. காலையில் ஆற்றைப் பார்த்துவிட்டு அதே சக்கரத்தில் மாலைக்குள் அம்மனையும் பார்த்துவிட வேண்டும் என்று நீ சொன்னபோது, கிறுக்குப்பயல் என்று நினைத்துக்கொண்டே சரி என்றேன்.

எனக்கு எப்போதும் முன்பாதிதான் உயிர். எடப்பாடி தாண்டி மேட்டூர் வாய்க்கால் பாசனத்துக்குள் நுழைந்ததும் ரோட்டின் வாசனையே மாறிவிடும். அணையில் இருப்பு இருந்தால் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். டிசம்பர் 15 வரை, 137 நாள். கிழக்குக்கரையும் மேற்குக்கரையும் சேர்த்து 45,000 ஏக்கர். ஆடி 18 என்றால் தண்ணீர் வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். பச்சை வயலைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அப்போது சப்பென்று இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். கிணறு வைத்திருக்கிறவர் முன்கூட்டியே விட்ட நாற்றங்கால் மட்டும் ஒரு துண்டு பச்சை. சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். டிராக்டர் கேஜ்வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்டுச் சேறடிக்க, அதன் பின்னாலேயே கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டு நடக்கும். அந்த டிராக்டர் வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் சேற்றுக்கட்டி கிடக்கும், நம் 25 மி.மீ. டயருக்கு எமன். நான் கையைக் காட்டி "சேறு!" என்று கத்துவேன், நீ பின்னால் விலகுவாய்.

பின்னால். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து கோயம்புத்தூர், ஈரோடு எல்லாம் தாண்டி வருகிற ஆடிக் காற்று, மேற்கே போகிற நமக்கு நேர் எதிர். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்பது எடப்பாடி ரோட்டில் தொடைக்கே தெரியும். மலையிலாவது வளைவுக்கு வளைவு பலகையில் நம்பர் போட்டிருக்கிறது. எதிர்காற்றுக்கு ஏது பலகை? முன்னால் போகிறவனின் சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சம். என் முதுகு அகலம், நீ ஒல்லி. வருடா வருடம் போகிற வழி முழுக்க நான்தான் முன்னால். நீ கேட்டதில்லை, நானும் சொல்லிக்காட்டியதில்லை, இன்றுவரை. ஆனால் ஒன்று பார், வீட்டுக்கு வந்து, ஓட்டியதையெல்லாம் பதிகிற ஸ்ட்ராவா ஆப்பைத் திறந்தால் இரண்டு பேருக்கும் ஒரே சராசரி வேகம்தான் காட்டும். யார் காற்றை வாங்கினான் என்று அதில் ஒரு கட்டமும் கிடையாது.

மலையில் இந்தக் கணக்கு செல்லாது. மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டரில் உருளும்போது யாருக்குப் பின்னால் ஒட்டியும் பயனில்லை, அவரவர் எடையை அவரவர்தான் தூக்க வேண்டும். எனக்கு 84 கிலோ, உனக்கு 60. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்று லேசான கியர் போட்டும் எனக்கு மூட்டு முனகும், நீ சினிமாக் கதை சொல்லிக்கொண்டே போவாய். அதில் எனக்குப் பொறாமை உண்டு. மறைக்கவில்லை.

சரி, போன வருடத்து அந்த நாளுக்கு வருகிறேன்.

பதினோராவது வளைவில் இறங்கி, தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். கால் விட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். காலில் இன்னும் தெம்பு இருந்தது. ஏன் உட்கார்ந்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன், என் வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள். பூலாம்பட்டியில் படகுக்காரரோடு நீ பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு ஃபோன் வந்தது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

உச்சி வெயில். ஏற்காடு பஸ் ஒன்று வளைவைச் சுற்றி ஹாரன் அடித்தபடி ஏறிப் போனது. ஒரு குரங்கு என் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. விரட்டக்கூடத் தோன்றவில்லை. அப்போது மேலேயிருந்து, மிதிக்காமல் உருளும்போது வருகிற ஃப்ரீவீல் சத்தம் கேட்டது. உன் பின்சக்கரத்தின் கரகரப்பை எந்தக் கூட்டத்திலும் நான் அடையாளம் சொல்வேன். மேலே போய்ச் சேர்ந்துவிட்டு, என்னைக் காணோம் என்று இறங்கி வந்திருக்கிறாய். நிறுத்தியதும் ரிம்மைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாய், பிரேக் பிடித்துப் பிடித்து அவ்வளவு சூடு. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. முதுகுப் பாக்கெட்டிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினாய். குரங்குக்குக்கூடக் கொடுக்கவில்லை.

"இடது வளைவுல உள்ளாற போகாத மாப்ள, அங்கதான் செங்குத்து. கொஞ்சம் வெளியில தள்ளியே வா" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவேயில்லை. மிச்ச வளைவு அத்தனையிலும் என் வலது பக்கம், பஸ்ஸும் காரும் உரசிக்கொண்டு போகிற பக்கம், நீ வந்தாய். என் வேகத்துக்கு உன் வண்டியை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், பேலன்ஸே நிற்காது. கூடப் பிறந்தவன் செய்வானா அதை? அன்றைக்கு மட்டும் யாராவது உன்னைப் பற்றித் தப்பாகப் பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

ராத்திரி ஆப்பைத் திறக்கிறேன். "ஒரே நாளில் ஒன்றரை ஏற்காடு! உபயம்: 11-வது வளைவில் உட்கார்ந்துவிட்ட மாப்ள." கூடவே சிரிக்கிற பொம்மை. கீழே வரிசையாகக் கைதட்டல். மறுவாரத்திலிருந்து குரூப்பில் அந்த வளைவுக்கே என் பெயரை வைத்துவிட்டார்கள். என் மச்சினன் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தான்.

அன்றே சொல்லாமல் கொள்ளாமல் குரூப்பை விட்டு வெளியேறியதில் எனக்கு வருத்தம்தான், மன்னிச்சுக்கோ. ஆனால் உள்ளே இருந்திருந்தால் வாய்க்கு வந்ததை எழுதியிருப்பேன், அது இதைவிடக் கேவலமாகப் போயிருக்கும். உன் ஃபோனை எடுக்காததற்கும் மன்னிப்பு. எடுத்திருந்தால் நீ "விளையாட்டுக்குத்தான்டா" என்று சொல்லியிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன். அப்படிச் சரி சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். எதையும் கூட்டிப் பார்க்காமல் விட உனக்கு வராது, சின்ன வயதில் கோலிக்குண்டிலேயே அப்படித்தான். ஒன்றே ஒன்றுதான் கேட்க நினைத்தேன். திரும்பி இறங்கினால் ஏற்றம் கூடுதலாகக் கணக்கில் வரும் என்பது உனக்கு மேலே நிற்கும்போதே தோன்றியதா, இல்லை வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்ட பிறகா? கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

கமெண்டில் "வயசாகிவிட்டது" என்று எழுதக் கை துடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். கோடைமழைக்குப் பிறகு, ஏற்காட்டுக்கு இன்னொரு ரோடான குப்பனூர் வழியாகத் தனியாகக் கொட்டச்சேடு வரை ஏறிவிட்டு வந்தேன். அந்த ரோடு அடிவாரம் ரோட்டைவிட மோசமான ஏற்றம். மிளகுக்கொடி சுற்றின சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தோன்றின இடத்தில் எல்லாம் இறங்கி உட்கார்ந்தேன். ஆப் ஓடவில்லை. ஆக எனக்கு மலையோடு சண்டை இல்லை. உன்னோடு ஏறுவதைத்தான் நிறுத்தியிருக்கிறேன், மாப்ள. தரையில் உன்னோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவேன்.

குப்பனூரில் ஏறியது நீ கொடுத்த 32 பல் கேசட்டில்தான் (பின்சக்கரத்தில் மாட்டுகிற பல்சக்கர அடுக்கு). அது இல்லாவிட்டால் பாதியில் தள்ளிக்கொண்டு போயிருப்பேன், அதற்கு நன்றி. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருக்கிறேன். ஆடி 18 அன்று கொண்டுவருகிறேன், வாங்கிக்கொள். நீ மேலே போகும்போது யாருக்காவது தேவைப்படும்.

காலை ஐந்து மணி, கொண்டலாம்பட்டி. டியூப் இரண்டு எடுத்துக்கொள். மகுடஞ்சாவடி வரை வழக்கம்போல் நான் முன்னால் போகிறேன். அதைத் தாண்டி எடப்பாடி ரோட்டில் காற்று எழும், அங்கிருந்து நீ முன்னால் போ. படகுத்துறை தெரிந்த பிறகு "இப்ப மாத்திக்கலாம்" என்று சொல்லாதே, அங்கே ரோடே முடிந்துவிடும்.